கை மரத்துப்போகுதா? மாத்திரைக்கு முன்னாடி வண்டியைப் பாருங்க

1/ பைக் ஓட்டி இறங்கின பிறகும் விரல் ஜிவ்வுனு இருக்கா? தோளும் கழுத்தும் இறுகிப்போகுதா? அப்ப இந்த இழை உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ நைனார்பாளையத்துல இருந்து ஒரு அண்ணன் என்கிட்ட வருவார். வயசு 40-ஐத் தாண்டியாச்சு. துணி மூட்டையை வண்டிக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு, சின்னசேலம், கச்சிராயபாளையம் வழியா கல்வராயன் மலை ஏறுவார். வெள்ளிமலையைச் சுத்தியுள்ள ஊர்கள்ல வியாபாரம். வாரத்துக்கு நாலு நாள் ஏற்றமும் இறக்கமும்தான்.

"சார், வலது கையில கட்டை விரல்ல இருந்து நடுவிரல் வரைக்கும் மரத்துடுது. ராத்திரி தூக்கத்துல எழுப்பி விடுது."

3/ சர்க்கரை, தைராய்டு ரெண்டும் பார்த்தேன். சரியாகவே இருந்தது. மணிக்கட்டுல நரம்பு அழுந்துதுன்னு சொல்லி மாத்திரை எழுதினேன். ரெண்டு வாரம் கழிச்சு அதே கதை. மறுபடியும் மாத்திரை.

மூணாவது தடவை வந்தப்ப சொன்னார்: "நேத்து இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுல பிரேக் பிடிக்கிறேன். விரல் பிடிச்சிருக்கா இல்லையான்னே தெரியல சார்."

4/ அப்பதான் எனக்கு உறைச்சது. ரெண்டு தடவை கையைப் பார்த்த நான், அந்தக் கை நாள் முழுக்கப் பிடிச்சிருக்கிற வண்டியைப் பார்க்கவே இல்ல. தப்பு என்னுடையது. எழுந்து வெளியே போய்ப் பார்த்தேன்.

5/ பிரேக் லீவர் மேல் நோக்கித் தூக்கி நின்னது. முன் டயர்ல காத்து கம்மி. ஹேண்டில் பாரைத் திருப்பினா நடுவுல வந்து 'டக்'குனு சிக்கி நின்னது. மூட்டை டெயில் லேம்ப்பையும் தாண்டித் தொங்கிக்கிட்டு இருந்தது.

6/ இதுக்கும் கை மரத்துப்போறதுக்கும் என்ன சம்பந்தம்?

நம்ம மணிக்கட்டுல எலும்பும் தசைநாரும் சேர்ந்த ஒரு குறுகலான பாதை இருக்கு. பேரு கார்ப்பல் டனல். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல்ல பாதி, இவ்வளவுக்கும் உணர்ச்சி கொடுக்கிற மீடியன் நரம்பு அதுக்குள்ளதான் போகுது. மணிக்கட்டைப் பின்பக்கமா மடக்கினா உள்ளே அழுத்தம் கூடும். லீவர் உயரமா இருந்தா, விரலை எட்ட வைக்க மணிக்கட்டு பின்பக்கமா மடங்கித்தான் ஆகணும். கூடவே இன்ஜின் அதிர்வு, இறுக்கிப் பிடிக்கிற பிடி. நரம்பு பாவம், என்ன செய்யும்?

சுண்டு விரல் பக்கம் மட்டும் மரத்தா அது வேற நரம்பு, அல்னார். உள்ளங்கையின் அடிப்பகுதியை கிரிப்ல அழுத்தி ஊன்றி ஓட்டுறவங்களுக்கு வரும். சைக்கிள்காரங்ககிட்டயும் இது அதிகம்.

7/ சரி, வண்டில என்ன பார்க்கணும்?

காத்து: முன் டயர்ல காத்து குறைஞ்சா ஹேண்டில் கனக்கும். டயர் சூடாகும் முன்னாடி அளந்து பாருங்க. எவ்வளவுன்னு வண்டியோட கையேட்டுல இருக்கும். தனியா போக ஒரு அளவு, சுமையோட போகப் பின் டயருக்கு வேற அளவு.

8/ கோன் செட்: சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்துங்க. ஹேண்டிலை லேசா தட்டினா, தானா ரெண்டு பக்கமும் விழணும். நடுவுல சிக்கினா கோன் தேய்ஞ்சிருக்கு. கனமா நகர்ந்தா இறுக்கம் அதிகம். முன் பிரேக்கைப் பிடிச்சு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டும்போது 'டொக் டொக்'னா லூசு. மூணுமே மெக்கானிக் வேலை. தள்ளிப்போடாதீங்க.

9/ லீவர்: சீட்ல எப்பவும் போல உட்காருங்க. முழங்கையில இருந்து விரல் நுனி வரைக்கும் ஒரே நேர்க்கோடா வரணும். வரலைன்னா லீவர் பிடிக்கிற கிளாம்ப்பைத் தளர்த்திக் கீழே இறக்கி முடுக்கச் சொல்லுங்க. சில நிமிஷ வேலைதான். கிளட்ச் கேபிள் வறண்டிருந்தா இடது கை செத்துடும். எண்ணெய் விடுங்க, இல்ல மாத்துங்க.

10/ பின் ஷாக் அப்சார்பர்: பல வண்டிகள்ல படிப்படியா கூட்டிக் குறைக்கலாம். சுமை ஏத்தினா பின்பக்கம் அமுங்கும், முன்பக்கம் தூக்கும். அப்ப ஹேண்டில் அலைபாயும், நாம இன்னும் இறுக்கிப் பிடிப்போம். சுமையோட போகும்போது படியைக் கூட்டுங்க, தனியா போகும்போது குறைங்க. ரெண்டு பக்கமும் ஒரே படியில இருக்கணும். மூட்டையை முடிஞ்சவரை சீட்டுப் பக்கம் தள்ளிக் கட்டுங்க.

பனி நாடுகள்ல மலை ஏறுற ஸ்னோமொபைல் வண்டிக்காரங்களும் இதேதான் செய்றாங்க. முன்னாடி இருக்கிற பனிச்சறுக்குக் கட்டைமேல எவ்வளவு கனம் விழணும், ஹேண்டில் எவ்வளவு உயரம் இருக்கணும்னு தங்கள் உடம்புக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிறாங்க. நாம மட்டும் ஷோரூம்ல கொடுத்ததை அப்படியே வருஷக்கணக்கா ஓட்டுறோம்.

11/ அடுத்தது ஓட்டுற விதம். இறக்கத்துல உடம்பு முன்னாடி சரியும், முழுக் கனமும் உள்ளங்கையில இறங்கும். முட்டியால டேங்கை அணைச்சுப் பிடிங்க, கனம் தொடைக்குப் போகும். கியரைக் குறைச்சு இன்ஜினே வேகத்தைப் பிடிக்கட்டும். நியூட்ரல்ல இறங்கவே கூடாது. கிரிப்பைக் கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடிங்க. நழுவவும் கூடாது, நசுங்கவும் கூடாது. நடுவுல நிறுத்தி கையை உதறிக்குங்க.

12/ இதெல்லாம் செஞ்சும் ராத்திரில மரத்தா, கையில பிடிச்ச டம்ளர் நழுவினா, கட்டை விரல் அடிச் சதை வத்தினா, கழுத்துல இருந்து வலி இறங்கினா உடனே மருத்துவரைப் பாருங்க. சர்க்கரை, தைராய்டு, கழுத்து எலும்புத் தேய்மானம் இதெல்லாம் பின்னணியில இருக்கலாம். மருந்துக்கடையில நீங்களே வலி மாத்திரை வாங்கி மாசக்கணக்கா போடாதீங்க. கையைக் காப்பாத்தப் போய் கிட்னியையும் வயிறையும் கெடுத்துக்குவீங்க.

13/ அந்த அண்ணன் கோன் செட் மாத்தினார், லீவரை இறக்கினார். ராத்திரில மணிக்கட்டை நேரா வைக்கிற பட்டை கொடுத்தேன். ஆறு வாரம் கழிச்சு வந்தார். முழுசா போயிடல, நெடுந்தூரம் ஓட்டினா இன்னும் லேசா ஜிவ்வுங்குது. ஆனா ராத்திரி தூங்குறார்.

"வளைவுல பிரேக் இருக்கிறது இப்ப விரலுக்குத் தெரியுது சார்"னார். எனக்கு அது போதும்.

14/ இப்பல்லாம் கை மரத்துப்போகுதுன்னு யார் வந்தாலும், "என்ன வேலை பண்றீங்க?"க்கு அடுத்து "வண்டி வெளியேதான் நிக்குதா?"ன்னு கேட்கிறேன்.

நாளைக்குக் காலையில வண்டியை எடுக்கும் முன்னாடி அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க. காத்து, கோன், லீவர். உங்க வீட்டுல தினமும் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவங்க யாராவது இருந்தா இதைப் படிச்சுக் காட்டுங்க.