மறுதொடக்கம் எப்போது?

ஓடுகிற பேருந்தில் நடத்துநர் பயணச்சீட்டுக் கொடுக்கலாம், சில்லறை மாற்றலாம், அடுத்த நிறுத்தத்தை உரக்கச் சொல்லலாம். ஆனால் சக்கரம் மாற்ற முடியுமா? அதற்கு வண்டியை ஓரம் கட்டித்தான் ஆகவேண்டும். எந்த வேலைக்கு வண்டியை நிறுத்த வேண்டும், எதற்கு வேண்டாம் என்று அறிந்திருப்பதே கெட்டிக்காரத்தனம். கணினி உலகிலும் இதே கேள்வி உண்டு.

'பிளேடு' என்றதும் வகுப்பறை நினைவு வந்து நண்பர்கள் சிரிக்கக்கூடும். நான் சொல்ல வந்தது பிளேடு சர்வரைப் பற்றி! மின்சாரம், மின்விசிறி, வலைப்பின்னல் இணைப்பு ஆகியவற்றை ஒரு பெட்டியில் பொதுவாக வைத்து, அதனுள் தகடு போன்ற சர்வர்களை வரிசையாகச் செருகும் ஏற்பாடு அது. 2001-இல் ஆர்.எல்.எக்ஸ். டெக்னாலஜிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் இத்தகைய சர்வர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2009-இல் சிஸ்கோ நிறுவனம் அறிவித்த யு.சி.எஸ். அமைப்பில், 10.5 அங்குல உயரப் பெட்டிக்குள் எட்டு பிளேடுகள் அடங்கின. ஒரே அடுப்பில் எட்டுப் பேருக்குச் சமையல் எனலாம்.

இவ்வமைப்பில் ஒரு புதுமை உண்டு. பிளேடுக்கு எத்தனை வலைப்பின்னல் அட்டைகள், அவற்றின் மேக் முகவரிகள் என்ன என்பனவெல்லாம் 'சர்வீஸ் புரொஃபைல்' என்ற குறிப்பில் எழுதப்பட்டிருக்கும். குறிப்பில் மாற்றி எழுதினால் போதும். பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. கையில் தொட முடியாத அட்டை ஒன்று பிளேடுக்குள் முளைத்துவிடும்.

ஆனால் அந்த அட்டை இருப்பதை பிளேடு எப்போது அறியும்? கணினி தொடங்கும்போதுதான் பயாஸ் தன்னிடம் உள்ள அட்டைகளை எண்ணிக் கணக்கெடுக்கிறது. எனவே புதிய அட்டை சேர்த்தாலும், இருப்பதை நீக்கினாலும், மேக் முகவரியை மாற்றினாலும் மறுதொடக்கம் தேவை. ஏற்கெனவே உள்ள அட்டையின் வழியே இன்னொரு வி.லேன் செல்ல அனுமதிப்பது வேறு வகை. அது வெளியே உள்ள சுவிட்சில் நடக்கும் காரியம். பிளேடு கண்ணயர வேண்டியதில்லை. ஐ.பி. முகவரி மாற்றமோ இயங்குதளத்தின் பொறுப்பு. விண்டோஸ் 95 காலத்தில் அதற்கும் மறுதொடக்கம் கேட்டது. 2000-இல் வந்த விண்டோஸ் 2000 அத்தொல்லையை நீக்கிவிட்டது.

இந்த வேறுபாடு ஏட்டுப்படிப்புக்கு மட்டும் உரியதன்று என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் கண்டேன். ஓர் ஆலையின் கணினிப் பிரிவில் பத்து நாள் பயிற்சிக்குச் சென்றிருந்தேன். அன்று சம்பள நாள். பொறியாளர் ஒருவர் புதிய அட்டை ஒன்றைச் சேர்க்க எண்ணி, டெம்ப்ளேட் எனும் மாதிரிக் குறிப்பைத் திருத்தினார். ஆறு பிளேடுகள் அந்த ஒரே மாதிரியைப் பின்பற்றுபவை. மாற்றங்களை 'உடனடியாக' நிறைவேற்று என்பது அங்கிருந்த விதி. திரையில் எச்சரிக்கை வந்தது; பழக்கத்தில் 'சரி' என்று அழுத்திவிட்டார். ஆறும் ஒருசேர மறுதொடக்கம் ஆயின. சம்பளப் பட்டியல் போடும் மென்பொருளும் நின்றது. தரவுத்தளத்தைச் சரிபார்த்து எல்லாவற்றையும் எழுப்பப் பிற்பகல் ஆகிவிட்டது. கூலி மறுநாள்தான் கைக்கு வந்தது.

அலுவலகத்தில் அதைச் 'சிறு தடங்கல்' என்றார்கள். என் அம்மாவும் வேறோர் ஆலையில் கூலிக்கு வேலை செய்பவர். சம்பளம் ஒரு நாள் தள்ளினால் மளிகைக் கடைக்காரரிடம் என்ன சொல்ல வேண்டியிருக்கும் என்பதை நான் அறிவேன். வாயிலில் காத்திருந்த பெண்களுக்கு அட்டையும் தெரியாது, பிளேடும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் 'கம்ப்யூட்டர் வேலை செய்யலையாம்' என்பதுதான்.

இதைத் தவிர்க்க வழி இல்லாமல் இல்லை. அதே அமைப்பில் 'பயனர் ஒப்புதல்' என்ற விதி உண்டு. அதைத் தேர்ந்தால், நிர்வாகி மீண்டும் ஒருமுறை சம்மதம் தரும்வரை மாற்றம் காத்திருக்கும். குறித்த நேரத்தில் நடக்கும்படியும் அமைக்கலாம். ஒரு பிளேடில் உள்ள மெய்நிகர் கணினிகளை மற்றொன்றுக்கு நகர்த்திவிட்டு, ஒவ்வொன்றாக மறுதொடக்கம் செய்தால் வெளியே யாருக்கும் தெரியாமலே வேலை முடிந்துவிடும். வேண்டியதெல்லாம் சற்றுப் பொறுமையும், இது எந்த வகை மாற்றம் என்ற தெளிவுமே.

நண்பர்களே, நாளை நம்மில் பலர் இத்தகைய பெட்டிகளின் முன்னே அமரப் போகிறோம். பொத்தானை அழுத்துமுன் இரண்டு கேள்விகள் கேட்போம். இம்மாற்றத்தை பிளேடு அறிய வேண்டுமா? அறிய வேண்டுமென்றால், அது கண் மூடித் திறக்கும் நேரத்தில் யார் யார் காத்திருப்பார்கள்? முதல் கேள்விக்கு விடை பாடநூலில் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை தேட நாம் ஆலை வாயில்வரை நடந்து செல்ல வேண்டும்.