ஆரல்வாய்மொழி முதல் புதுக்கடை வரை

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் பெருவழியாக வருவோரை முதலில் எதிர்கொள்வது ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றே. அண்மையில் அன்பர் சிலருடன் அவ்வழியே வந்த நாம், மலையடிவாரத்தில் சற்று நின்றோம். ஒரு காலத்தில் இதற்குக் கிழக்கே ஆங்கிலக் கலெக்டரின் ஆட்சி. மேற்கே திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சி. இரு வேறு ஆட்சிகளைக் கண்ட இம்மண்ணில் மக்களாட்சி எவ்வாறு வேரூன்றியது? இவ்வினாவுடனேயே அன்றைய பயணம் தொடர்ந்தது.

தக்கலை அருகே உதயகிரிக் கோட்டையில் டிலனாயின் கல்லறையைக் கண்டோம். 1741-இல் குளச்சலில் டச்சுப் படையை மார்த்தாண்ட வர்மர் முறியடித்தார். அப்போது சிறைப்பட்ட டிலனாய், பின்னர் அம்மன்னரின் படைக்கே பயிற்சியளித்து, 1777-இல் மறைந்தார். ஐரோப்பியரை வென்ற அதே நாடு, 1795, 1805 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் ஆங்கிலக் கும்பினியின் பிடிக்குள் வந்தது. ஆண்டுக்கு 8 இலட்சம் ரூபாய் செலுத்தவும் இசைந்தது. எதிர்த்தெழுந்தார் தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி. 1809-இல் ஆரல்வாய்மொழி அரண்கள் ஆங்கிலேயர் வசமாயின. அவரும் உயிர் துறந்தார்.

அதன்பின் அரியணையில் மன்னர் இருந்தார்; ஆனால் அவர் அஞ்ச வேண்டியிருந்தது ஆங்கில ரெசிடெண்டுக்கே, குடிமக்களுக்கு அன்று. மேலிடத்துக்கு மட்டுமே பதில் சொல்லும் வழக்கம் ஆட்சியில் ஊறிப்போயிற்று. பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கே பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்தது. சென்னை ஆளுநரின் வற்புறுத்தலுக்குப் பின், 1859-இல் வந்த ஆணையும் அவ்வுரிமையை அரைகுறையாகவே வழங்கியது.

குளச்சல் கடற்கரையில் வலைகளைச் செப்பனிடும் சகோதரர்களைக் கண்டபோது மற்றொன்று நினைவுக்கு வந்தது. 1888-இல் திருவிதாங்கூரில் சட்டசபையும், 1904-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபையும் தோன்றின. சுதேச சமஸ்தானங்களுள் இது முன்னோடி முயற்சியே. ஆயினும் வரியும் சொத்துமே அங்கே தகுதியின் அளவுகோல். கடலையே வயலாகக் கொண்டு, நிலமின்றி வாழ்ந்த ஏழைக்கு அச்சபையின் கதவு திறக்கவில்லை. 1948-இல்தான் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை இங்கே நடைமுறைக்கு வந்தது.

வாக்குரிமை வந்ததும் யாவும் மாறிவிட்டனவா? மாலையில் புதுக்கடையை அடைந்தபோது விடை கிடைத்தது. தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்துடன் இணைக்க வேண்டி, மார்ஷல் நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிற்று. 1954 ஆகஸ்ட் 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டதில் பலர் மாண்டனர். அன்று ஆண்டது திவானின் அரசன்று. மக்களின் வாக்குகளால் அமைந்த பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அமைச்சரவை! அந்நியன் அகன்றான், மன்னராட்சியும் மறைந்தது, குடிமக்களின் குரலுக்குத் துப்பாக்கியால் விடையளிக்கும் பழக்கமோ எஞ்சி நின்றது.

ஆனால் அதே கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா, தம் கட்சியின் அமைச்சரவையே பதவி விலக வேண்டுமென்று துணிந்துரைத்தார். மேலிடத்துக்கு அன்று, மக்களுக்கே பதில் சொல்லவேண்டும் என்னும் புது நெறி அக்குரலில் ஒலித்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் இணைந்து நம் மாவட்டம் தமிழகத்தில் மலர்ந்தது.

வாசக அன்பர்களே, அடுத்த தேர்தலில் வாக்குச்சாவடி வரிசையில் வெயில் சுடும்போது, வரி கட்டாததால் வாசலிலேயே நிறுத்தப்பட்ட நம் முன்னோரை நினைப்போம். வாக்களித்தபின் வீடு திரும்பி உறங்கிவிடாமல், ஆள்வோரிடம் கேள்வி கேட்கவும் பழகுவோம். நம் பிள்ளைகளையும் பழக்குவோம். பழைய வழக்கத்துக்கு மாற்று மருந்து அதுவே.