ஜெயிச்சா மன்னன்... தோத்தா?

பூந்தமல்லியிலிருந்து கிண்டிக்கு பஸ்ஸில் வந்தால், போரூர் தாண்டி ராமாவரம் தோட்டம் வரும். எம்.ஜி.ஆர். வாழ்ந்த வீடு. தினமும் அந்த வழியாகத்தான் காலேஜ் போகிறேன். முதல்வர் எம்.ஜி.ஆரைப் பற்றி எல்லோரும் எழுதியாச்சு. நான் சொல்ல வந்தது தயாரிப்பாளர் எம்.ஜி.ஆரைப் பற்றி.

வறுமையால் சின்ன வயசிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். 1936-ல் ‘சதி லீலாவதி’யில் சின்ன வேஷம். கதாநாயகன் ஆனது 1947-ல், ‘ராஜகுமாரி’யில். நடுவில் 11 வருஷம்! அப்புறம் பெரிய ஹீரோ ஆகிவிட்டார். சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா நடித்திருக்கலாம். ஆனால் எம்ஜியார் பிக்சர்ஸ் சார்பில் ‘நாடோடி மன்னன்’ எடுத்தார். இரட்டை வேடம், இயக்கமும் அவரே. பிற்பகுதி முழுக்க கேவா கலர். செலவு எகிறியது. “ஜெயித்தால் மன்னன், தோற்றால் நாடோடி” என்று அவர் சொன்னதாக இன்றைக்கும் பேசுவார்கள். 1958 ஆகஸ்டில் படம் வந்தது. பிரம்மாண்ட வெற்றி. பிறகு ‘அடிமைப் பெண்’ணும் (1969) ‘உலகம் சுற்றும் வாலிபன்’னும் (1973) அதே கம்பெனிதான்.

எங்க கேங் ஆறு மாசமா ஒரு குறும்படம் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறது. கதை ரெடி. காசு போடத்தான் ஆள் இல்லை, நான் உட்பட.

அப்போது அவருக்கு வயசு 41. இழக்க எவ்வளவோ இருந்தது. எனக்கு? டியூஷன் எடுத்துச் சேர்த்த எட்டாயிரம் ரூபாய்.

சனிக்கிழமை அதை எடுக்கப் போகிறேன். நடிக்க ஆள் வேணும்... யார் வர்றீங்க?