பேரனும் கர்வ்பாலும்



நியூஜெர்சியில் மகள் வீட்டில் இருக்கிறேன். 11 வயதுப் பேரன் பேஸ்பாலில் பந்து வீசுகிறான். அவனுக்கு இப்போது கர்வ்பால் பைத்தியம். நடுவிரலைத் தையலில் பதித்து, பந்தின் மேற்பகுதி முன்னோக்கிச் சுழலும்படி விட வேண்டும். காற்று கீழே அழுத்தும்; நேரே வந்த பந்து மட்டைக்கு முன்னால் இறங்கிவிடும். கிரிக்கெட்டில் சுழற்பந்து 'டிப்' ஆவதும் இப்படித்தான். (பந்தில் 108 தையல் என்றதும் என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்!)

பயிற்சியாளர் முடியாது என்றுவிட்டார். மேஜர் லீக் பேஸ்பாலின் வழிகாட்டுதலே 12 வயதுவரை வேகப்பந்தும் சேஞ்சப்பும் போதும் என்கிறது. வளரும் பிள்ளையின் முழங்கையில் எலும்பு இன்னும் முழுதாக முற்றியிருக்காது. கெடுப்பது கர்வ்பாலா, அளவுமீறி வீசுவதா என்று இங்கேயே வாதம் உண்டு. அளவு மீறினால் கெடும் என்பதில் வாதமில்லை. இந்த வயதுக்கு நாளைக்கு 85 பந்துதான் உச்சவரம்பு. எனக்கு அதுவே அதிகமாகப் படுகிறது.

"நீங்க சொன்னா கேட்பார் தாத்தா" என்றான். நான் பயிற்சியாளர் கட்சி. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது கொல்லையில் சேஞ்சப் பழகுகிறான். கை அதே வேகத்தில் வரும், பந்து மெதுவாகப் போகும். அதுவும் ஏமாற்று வித்தைதான்! எண்ணுவது என் வேலை. நேற்று 40-இல் நிறுத்தினேன். "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று கெஞ்சினான். பந்தை வாங்கி வேட்டி மடியில் கட்டிக்கொண்டேன்.