அகரவரிசை கலைந்த கதை

பழைய உரைநடை நூல்களை மின்னூலாக்கும் வேலையில் நாங்கள் நால்வர் ஈடுபட்டிருக்கிறோம். மெய்ப்புப் பார்த்த பக்கங்களை ஏற்றிவைத்தால், இரவு 2 மணிக்குச் சர்வர் அவற்றைத் தொகுத்து, சொல்லடைவும் சேர்த்து நூலாக்கிவிடும். அந்தக் கணினியின் பிழைச்செய்திகள் பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் வந்தன. எரிச்சலுற்று, அதன் மொழி அமைப்பை ‘சி’ என்னும் அடிப்படை அமைப்புக்கு மாற்றினோம். அன்றிரவே தொகுப்பு நின்றது.

‘சி’ அறிந்த எழுத்துகள் 128. தமிழ் அவற்றுள் இல்லை. யூடிஎஃப்-8 சேர்ந்த ‘சி’யாகத் திருத்தினோம். நாங்களே உள்நுழைந்து இயக்கினால் நூல் வந்தது. இரவில் சர்வர் இயக்கினால் வரவில்லை. இரண்டு இரவுகள் நிரலை வீணாகக் குடைந்தோம். ஒரு செயலி தொடங்கும்போது பெற்ற சூழல் மாறிகளையே கடைசிவரை வைத்துக்கொண்டிருக்கும். பிறகு நாம் கோப்பில் செய்யும் திருத்தம் அதன் காதில் விழாது. சர்வர் செயலியை நிறுத்தித் தொடங்கியதும் நூல் வந்தது. தேநீர் அருந்தி மகிழ்ந்தோம்.

அந்த மகிழ்ச்சிதான் தவறு. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: “என்னப்பா, அபயத்துக்கு முன்னால அனல் நிக்குது? அகரவரிசை மறந்துபோச்சா?”

எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தாலும், ‘சி’ அவற்றை யூனிகோடு எண் வரிசையில்தான் அடுக்கும். அதில் நகரத்தை அடுத்து னகரம். ரகரத்தை அடுத்து றகரம். ழகரத்துக்குப் பின்னரே வகரம். தொகுப்பு நின்றபோது சர்வர் எங்களை எச்சரித்தது. வரிசை கலைந்தபோது அது வாய்திறக்கவில்லை. தமிழ் கற்பிக்கும் நாங்களும் சொல்லடைவைத் திறந்து பார்க்கவில்லை.

அதற்குள் மூன்று படிகள் வெளியே போயிருந்தன. ஆய்வு மாணவி ஒருவர் அச்சிட்ட சொல்லடைவில் ‘அள’வுக்குப் பின் ‘அறம்’ தேடியிருக்கிறார். அது ‘அர’வை அடுத்து எங்கோ கிடந்தது. அச்சொல் அந்நூலில் இல்லையென ஆய்வேட்டின் வரைவில் எழுதியும்விட்டார். நாங்கள் சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அது இன்னும் கடினமாக இருந்தது.

இப்போது சர்வர் செயலியின் அமைப்புக் கோப்பிலேயே தமிழ் மொழி அமைப்பை எழுதிவிட்டோம். அபயத்துக்கு முன் அனல் வந்தால் தொகுப்பு நின்றுவிட வேண்டும் என்றொரு சோதனையும் சேர்த்தோம். மாணவி அந்த வரியை அடித்துவிட்டார். மற்ற இரண்டு படிகளைக் கொண்டுபோனவர்களுக்கு எழுதியிருக்கிறோம். ஒருவரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.