மாயாபுரியில் ஓர் எஞ்சின்

எங்கள் இட்லி மாவு வியாபாரம் ஒரு பழைய ஆம்னி வண்டியை நம்பியிருந்தது. அதன் எஞ்சின் பழுதானபோது, மாற்று எஞ்சின் தேடி அப்பாவுடன் மேற்குத் தில்லியின் மாயாபுரிச் சந்தைக்குச் சென்றேன்.

மூன்று சிலிண்டர்களும் 796 சி.சி. கொள்ளளவும் கொண்ட எஞ்சின் ஒன்று குறைந்த விலைக்குக் கிடைத்தது. ஆனால் அது இறுகிப்போய்ச் சுழல மறுத்தது.

“இறுகிய காரணத்தை அறிந்த பின்னரே விலை பேச வேண்டும்” என்றார் அப்பா. “நெடுநாள் கிடந்து துருவேறியிருந்தால், பிளக்குகளைக் கழற்றி எண்ணெய் ஊற்றி, ஊறவிட்டு இளக்கிப் பார்க்கலாம். ஆயிலின்றி ஓடி இறுகியிருந்தால், கிராங்கும் பேரிங்கும் தேய்ந்திருக்கும்.”

அடித்திருகைத் தளர்த்தினார். வடிந்த ஆயிலில் உலோகத் துகள்கள் மின்னின. சேமிப்புப் பணத்தை மீண்டும் சட்டைப்பைக்குள் வைத்தார்.

விலைக்குறைவு வேறு, செலவுக்குறைவு வேறு என்பதை அன்று அறிந்தேன்.

பொருள்: இளக்குதல் – தளரச் செய்தல், துகள் – பொடி.