வெதர்ஃபோர்டில் இரண்டு கல்லறைகள்

டெக்சாஸின் ஃபோர்ட்வொர்த் ஸ்டாக்யார்ட்ஸில் தினமும் இரண்டு வேளை மாடு ஓட்டிக் காட்டுகிறார்கள். பதினொன்றரை மணிக் காட்சிக்குத் தெருவோரம் இடம் பிடித்து நின்றேன். குதிரைக்காரர்கள் முன்னும் பின்னும் வர, அகலக் கொம்புகளோடு லாங்ஹார்ன் மாடுகள் நிதானமாக நடந்து போயின. சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. லயன் காமிக்ஸில் கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரைப் படித்து வளர்ந்தவன் நான்; நெஞ்சு நிறையத்தான் செய்தது. ஆனால் தெருவில் புழுதியே எழவில்லை.

புழுதிதான் மாடு ஓட்டும் கௌபாய் தொழிலின் முதல் கஷ்டம். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபின் டெக்சாஸில் மாடு மலிவு, வடக்கே விலை அதிகம். இரண்டாயிரம், மூவாயிரம் மாடுகளைப் பத்துப் பன்னிரண்டு பேர் ஓட்டிப் போனார்கள். புதிதாக வந்த பையன்களுக்கு மந்தையின் வால்பக்கம்தான். அத்தனை குளம்புகளும் கிளப்பும் மண்ணை நாள் முழுக்கச் சுவாசிக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து மைல்தான். விரட்டினால் மாடு இளைத்துவிடும், இளைத்த மாட்டுக்கு விலையில்லை. அதனால் பயணம் மாதக்கணக்கில் நீண்டது. சம்பளம் மாதம் 30, 40 டாலர்.

காமிக்ஸ் எனக்குத் துப்பாக்கியைக் காட்டியது, உறக்கத்தைக் காட்டவில்லை. பகலெல்லாம் சேணத்தில் இருந்தவன் இரவில் இரண்டு மணி நேரம் கிடையைச் சுற்றி வர வேண்டும், மாடு மிரளாதிருக்கத் தணிந்த குரலில் பாடிக்கொண்டே. இடி இடித்து மந்தை வெருண்டோடினால் அந்த இரவு யாருக்கும் தூக்கமில்லை. விழித்திருப்பதற்காகப் புகையிலைச் சாற்றைக் கண்ணில் தேய்த்துக்கொண்டதை டெடி புளூ அபட் என்ற பழைய கௌபாய் தன் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார்.

1866இல் மாட்டு வியாபாரிகளான சார்லஸ் குட்நைட்டும் ஆலிவர் லவிங்கும் ஓட்டிய மந்தைக்கு பெக்கோஸ் ஆறு வரை எண்பது மைலுக்கு மேல் சொட்டுத் தண்ணீர் இல்லை. இரவும் பகலும் நிற்காமல் ஓட்டினார்கள். தாகத்தில் மாடுகள் விழுந்தன. ஆற்றின் வாடை பட்டதும் மிச்சமிருந்தவை பாய்ந்தன. பின்னால் வந்தவை நெருக்க, முன்னால் நின்றவை வெள்ளத்தில் போயின.

இதையெல்லாம் சொல்லித்தான் தம்பியை வெதர்ஃபோர்டுக்குக் கூட்டிப் போனேன். மேற்கே முப்பது மைல். “கல்லறை பார்க்கவாண்ணே இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்றபடி காரை எடுத்தான்.

கிரீன்வுட் இடுகாட்டில் லவிங் இருக்கிறார். 1867இல் மந்தைக்கு முன்னால் போனபோது கொமாஞ்சி பழங்குடியினர் தாக்கினார்கள். காயம் புரையோடி நியூமெக்சிகோவில் இறந்தார். டெக்சாஸ் மண்ணில் புதைக்க வேண்டும் என்பது அவர் கடைசி ஆசை. கௌபாய்கள் காலித் தகர டப்பாக்களைத் தட்டிப் பற்றவைத்து உறையாக்கி, உள்ளே சவப்பெட்டியை வைத்துக் கரி நிரப்பினார்கள். சுமார் 600 மைல் வண்டியில் வந்து சேர்ந்தார்.

அதே இடுகாட்டில் போஸ் ஐகார்ட். அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர், குட்நைட்டின் நான்காண்டுத் துணை. வழிச்செலவுப் பணத்தை குட்நைட் இவரிடம்தான் கொடுத்துவைத்தாராம். கறுப்பரிடம் பணமிருக்கும் என்று எந்தத் திருடனும் நினைக்கமாட்டான். அந்த நம்பிக்கையும் அந்த அவமானமும் ஒரே பையில் கிடந்ததை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. 1929இல் ஐகார்ட் இறந்தபோது, தொண்ணூறைத் தாண்டிய குட்நைட் அவருக்குக் கல் நட்டார். மந்தை வெருண்ட இரவுகளில் கூடவே குதிரையோட்டியவர், வேலைக்குச் சுணங்காதவர் என்று பொறித்தார்.

வழியில் ஆற்றில் போனவர்களை, மாட்டுக் குளம்பில் மிதிபட்டவர்களைப் போர்வையில் சுற்றிப் புதைத்துவிட்டு மந்தையை நகர்த்தினார்கள். அவர்களில் பலருக்குக் கல் இல்லை.

தம்பி ஐகார்டின் கல்லருகே குந்தி, எழுத்துகளில் படிந்த தூசியை விரலால் துடைத்துக்கொண்டிருந்தான்.